டேங்க் அண்ணனின் மன்றாட்டு

ஆள், தெரு, தோட்டம் என்று முழு விலாசத்தோடு ஆண்டவரிடம் புகார் கொடுத்தவர், திருச்சபையின் இத்தனை நூற்றாண்டுகளில் எங்கள் டேங்க் அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார்.

கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களில் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடிப்பது அவர் தொழில். ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் கோயிலில் ஞாயிறு பூசையின் நடுவே யார் வேண்டுமானாலும் மைக் முன் வந்து ஒரு மன்றாட்டுச் சொல்லலாம். நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் பதில் சொல்வோம். எதற்குச் சொல்கிறோம் என்று ஒருவரும் கவனிப்பதில்லை. அண்ணன் அதைக் கவனித்துவிட்டார்.

"முந்தாநாள் மருந்தடிச்ச பழத்த நாளைக்கு லாரியில ஏத்துறாக. அடிச்ச பாவி நாந்தேன். ஏத்துற பாவி அந்தா, மூணாவது வரிசையில வெள்ளச் சட்ட போட்டு நிக்காக. ரெண்டு பேருக்காகவும் மன்றாடுவோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

வெள்ளைச் சட்டைக்காரரின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. அவர் கோயில் காரியங்களைப் பார்க்கும் எங்கள் பங்குப் பேரவையின் தலைவர். மனைவி விலாவில் இடித்த பிறகே அவருக்கு விளங்கியது. மறுநாள் முதல் அவர் தோட்டத்தில் அண்ணனுக்கு வேலை இல்லை.

படைப்பைப் பேணுவது விசுவாசிகளின் கடமை என்று பங்குச்சாமி பிரசங்கம் வைத்த வாரம், இளைஞர்கள் 'மரம் காப்போம்' என்ற பிளக்ஸை வேம்பில் ஆணியடித்து மாட்டினார்கள். "ஆணியடிச்ச கைகளுக்காக..." என்று ஆரம்பித்தார் அண்ணன். சாமியே சிரித்துவிட்டார்.

பிறகு கெபி வந்தது. மழை தப்பிக் கிணறுகள் வற்றிய வருடம். கோயிலுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கும் ஓடையை மூடி, அதன்மேல் மாதா சுரூபம் வைக்கக் குகைபோல் ஒரு கெபி கட்டப் பேரவை முடிவெடுத்தது. சிமெண்டுப் பாறை, அதில் மோட்டார் வைத்த அருவி. படத்தைக் காட்டியபோது கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அண்ணன் மைக்குக்கு வந்தார். "சாமி குடுத்த தண்ணிய அடச்சிட்டு, அதே எடத்துல கரண்டுல தண்ணி விடப்போறோம். ஒரு மழ பேஞ்சா கீழத்தெரு முங்கும். அங்கன இருக்குற சனத்துக்காக மன்றாடுவோம்."

"ஏலே, மைக்க அமத்துங்கடா!" என்றார் தலைவர்.

அமர்த்தினார்கள். அண்ணன் மைக் இல்லாமலே திரும்பச் சொன்னார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எல்லோரும் கவனித்துக் கேட்டிருந்தோம்.

மன்றாட்டுகளை இனி எழுதிக் கொடுத்து முன்அனுமதி பெற வேண்டும் என்று மறுவாரம் அறிவித்தார்கள். ஓடை மூடப்பட்டது. திறப்பு விழாவன்று போர்வெல்லில் தண்ணீர் இல்லை. விலைக்கு வாங்கிய லாரித் தண்ணீர் மாதாவின் காலடியில் அருவியாய்க் கொட்டியது. அதற்கும் கை தட்டினார்கள்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் மழைதான். போக வழியற்ற ஓடை கீழத்தெருவுக்குள் புகுந்தது. அரிசி, பாய், பள்ளிக்கூடப் புத்தகம், எல்லாம் சேறு. தலைவர் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தார்.

"என்ன செய்ய, ஆண்டவரு சோதிக்காரு."

"அவரு மேல பழியப் போடாதீக," என்றார் அண்ணன். "அடச்சது நம்ம."

சொன்னவர் கடப்பாரையோடு ஓடைக்குள் இறங்கி, கெபிக்காக அடைத்திருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். கல்லுக்கு ஒரு தரம் இருமினார். வருடக்கணக்கில் மருந்தை மூச்சோடு இழுத்த நெஞ்சு. கரையில் நின்று பார்க்கச் சகிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

"கடப்பாரைய இங்கன குடுங்கண்ணே. இருமல் நிக்கிற வரைக்கும் செத்த நேரம் ஒக்காருங்க."