பாட்டில் வந்த பாறை

கார் சக்கரம் பாதி கடற்கரை மணலுக்குள் போன பிறகும், வழி தப்பிவிட்டதாகக் கொத்தனார் ஒப்புக்கொள்ளவில்லை.

"இந்தப் பக்கம்தான். அந்தப் பாட்டு ஷூட்டிங் நடந்தப்ப இங்க ஒரு பங்களாவுக்குப் பூச்சு வேலை பார்த்தவன்டி நான்."

"இடது பக்கம் ஒரு ரோடு பிரிஞ்சுதே..." என்றாள் மனைவி.

"வீட்ட விட்டு வெளிய வராதவளுக்கு ரோட்டப் பத்தி என்ன தெரியும்?"

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. வெளியே கூட்டிப்போகாதது யார்? கல்யாணமான புதிதில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டுல அவ ஓடி வர்ற பாறைக்கு நாமளும் போலாங்க" என்று கேட்டாள். அந்த வாரம் கான்கிரீட். பாதியில் விட்டுவிட்டு வர முடியுமா? அப்புறம் பூச்சு. அப்புறம் வேறொரு வீட்டுக்கு அஸ்திவாரம். ஊரில் வீடெல்லாம் எழும்பி நின்றது. அவள் முட்டிதான் உட்கார்ந்துவிட்டது.

கார் மேஸ்திரியிடம் இரவல் வாங்கியது. சக்கரத்துக்கடியில் கல்லைக் கொடுத்தார், இன்னும் இறங்கியது. கால்மிதியைக் கொடுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார்; அது பறந்து ஜன்னல் வழியே மூஞ்சியில் மணலை அப்பியது.

"நடந்தே போயிடலாம் வா." கண்ணில் பட்ட முதல் பாறையைக் காட்டினார். "இதேதான்!"

"படத்துல பாறைக்கு நடுவுல கடல் தெரியுமேங்க?"

"அதெல்லாம் கேமரா வேலை. ஏறி நில்லு, போட்டோ எடுக்கிறேன்."

ஏறினாள். ஒரு அலை வந்து செருப்பை இழுத்துக்கொண்டு போனது. பிடிக்கப் பாய்ந்தவரின் செல்போனையும் அடுத்த அலை வாங்கிக்கொண்டது.

ஈரச் சேலையோடு முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குத் தன் தோள்துண்டை நீட்டினார்.

"ஓடியாடுற வயசுல கூட்டிட்டு வந்திருக்கணும். பாவி, வேலை வேலைன்னே கெடந்துட்டேன்."

"விடுங்க. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் பார்ப்போமா?"

மேடு தாண்டியதும் பிளந்த பாறை. நடுவில் நீலமாய்க் கடல்.

"அய்யோ, இதுதானா!" அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷத்துக்கு இந்த ஒரு சந்தோஷமாவது கொடுத்தோமே என்று கொத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாறை நிழலில் டீக்கடை போட்டிருந்தவள், ஸ்டூலைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"வாங்கக்கா! எங்க, எப்பவும் வர்ற உங்க கூட்டத்தையும் வேனையும் காணோம்? இவரு யாரு, புது டிரைவரா?"