முசிறியில் இன்னும் விடியவில்லை

ஊரை விட்டு வந்தவர்களை உங்களுக்குத் தெரியும். ஊருக்கே திரும்பிப் போனவர்களையும் தெரியும். ஆனால் ஊரில் பிறக்காமலே, வளராமலே, ஒரு மாதம் வாடகைக்குக்கூடக் குடியிருக்காமலே ஊரை விட்டு வந்துவிட்டவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. பிறந்த மண்ணில்தான் இருப்பார்கள். கேட்டால் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வார்கள். கண்டுபிடிப்பது சுலபம். பண்டிகை நாளில் இலை முன் உட்காருவார்கள், முதல் கவளத்தை வாயில் போடுவார்கள், கண்ணை மூடுவார்கள், மூக்கால் ஒரு நெடுமூச்சு விடுவார்கள், பிறகு சொல்வார்கள்: "என்ன இருந்தாலும் நம்ம ஊர் மாதிரி வராது."

எந்த ஊர்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் வசிக்கும் பத்துமலை இந்த இனத்தின் கலப்படமில்லாத உருப்படி. பெயரைக் கவனியுங்கள். பிள்ளை பிறந்தால் பத்துமலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக அவருடைய அப்பா வேண்டிக்கொண்டார், பிள்ளை பிறந்தது, காவடியோடு பெயரும் வந்தது. காவிரிக்கரையில் யாரும் இந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்து நாம் கேள்விப்பட்டதில்லை. பிறந்தது சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். வேலை பார்த்தது ஈப்போவில், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் உத்தியோகம். முப்பத்து மூன்று வருஷம் நடந்த கால். இந்த நகரத்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் "உங்களுக்கு எந்த ஊர்ண்ணே?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான். முசிறி.

அந்த முசிறியிலிருந்து கப்பல் ஏறியவர் அவருடைய தாத்தா. பத்துமலை அங்கே போனது ஒரே ஒரு முறை, இரண்டாயிரத்து ஒன்பதில், பதினொரு நாள். அதில் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. ஒரு நாள் பேருந்து நிலையத்திலிருந்து விடுதிக்கு வழி தெரியாமல் சுற்றியது. மீதி ஏழு நாளில் சேர்த்த அனுபவத்தைத்தான் பதினாறு வருஷமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் தீரவில்லை.

அவர் கொண்டுவந்த காவிரித் தண்ணீரும் தீரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வந்த அந்தத் தண்ணீரைச் சாமி மாடத்தில் வைத்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கரண்டி பானையில் விடுவார். "பாத்தியா, அளவு குறையவே இல்ல. காவேரித் தாய்லா!" என்று நெகிழ்வார். குறையாததற்குக் காரணம் அவருடைய மனைவி புஷ்பலதா. வீடு துடைக்கும்போது பாட்டிலில் அளவு இறங்கியிருந்தால் குழாயைத் திறந்து நிரப்பி வைத்துவிடுவாள். முப்பத்து மூன்று வருஷம் தண்ணீர் அளவு பார்த்தவருக்கு இது மட்டும் தெரியவில்லை.

சரி, பொங்கலுக்கு வருவோம். இந்த இனத்தின் உண்மையான சொரூபத்தை அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். பத்துமலை வீட்டுப் பொங்கலுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. கேஸ் அடுப்பு கூடாது. கார் நிறுத்தும் இடத்தில் மூன்று செங்கல் வைத்து விறகில்தான் பொங்க வேண்டும். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், காய்கறியெல்லாம் போட்ட கூட்டுக்குழம்பு. அவ்வளவுதான். நெத்திலி சம்பல் கூடாது. தேங்காய்ப்பால் கூடாது. பெலாச்சான் இறால் விழுதின் வாடை வாசற்படி தாண்டக் கூடாது. வாசனைக்குப் போடும் பாண்டான் இலையா? மூச்! அதெல்லாம் இந்த நாட்டுச் சமாச்சாரம்; பொங்கல் நம்ம ஊர்ச் சமாச்சாரம்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது நேரம். பொங்கல் பானை சூரியன் உதிக்கும் வேளையில் பொங்க வேண்டும் என்பது மரபு. எந்தச் சூரியன் என்று மரபு சொல்லவில்லை. பத்துமலை சொல்லிவிட்டார். முசிறியில் சூரியன் உதிப்பது ஆறு முப்பத்தேழுக்கு. நம் கடிகாரம் அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஆகவே புந்தோங்கில் பானை பொங்க வேண்டிய நேரம் காலை ஒன்பது மணி ஏழு நிமிடம். அதற்குள் ஈப்போ சூரியன் ஏழரைக்கு முன்பே எழுந்து, சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி, தெருவில் காயப்போட்ட துணியைப் பாதி உலர்த்திவிட்டிருக்கும். அதனால் என்ன? அது வேறு சூரியன்.

பக்கத்து வீட்டு அர்ச்சுனன் விடிந்ததும் பொங்கி, படைத்து, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்டுதோறும் ஒரே கேள்வி கேட்பார்.

"என்னண்ணே, இன்னும் பானை ஏத்தலையா?"

"எங்க ஊர்ல இன்னும் விடியல தம்பி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், போன பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால், கோயிலில் ஒரு மனிதரைப் பார்த்துவிட்டார் பத்துமலை. பெயர் பவித்ரன். நாற்பது வயதிருக்கும். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் புது இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்க ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். எங்கிருந்து? முசிறியிலிருந்து. பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு! பத்துமலை அங்கேயே பொங்கல் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வரைக்கும் போனார்.

"லதா! முசிறிக்காரர் வாரார்! நம்ம பொங்கலச் சாப்பிட்டுட்டு அவர் வாயாலயே சொல்லப் போறார் பாரு, அப்படியே எங்க ஊரு மாதிரியே இருக்குன்னு!"

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார். முசிறி வாயிலிருந்து ஒரு சான்றிதழ். அது கிடைத்துவிட்டால் இந்தத் தெருவில் யாரும் அவரைச் சித்தியவான்காரர் என்று சொல்ல முடியாது.

புஷ்பலதா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். முப்பத்தொரு வருஷமாகப் பொங்கலன்று பத்தரை வரை பசியோடு காத்திருந்தவள். அவள் சமைப்பாள், பெயர் முசிறி மண்ணுக்குப் போகும். ஒரு தடவையாவது "நீ நல்லா செஞ்சிருக்க" என்ற வார்த்தை வந்ததுண்டா? வந்ததில்லை.

"சரி, பந்தயம்" என்றாள். "அந்தத் தம்பி அப்படிச் சொல்லிட்டா, நான் சாவுற வரைக்கும் ஒன்பது ஏழுக்கே பொங்குறேன், வாயத் தொறக்க மாட்டேன். சொல்லலன்னா அடுத்த வருஷத்துலேருந்து ஈப்போ விடியறப்ப பானை ஏறணும். எலையில நெத்திலி சம்பல் வைப்பேன். போலேயா, சம்மதமா?"

"போலே, போலே! எழுதியே தரேன்லா!"

தோற்போம் என்ற நினைப்பே இந்த இனத்துக்கு வராது.

பொங்கலன்று எட்டரைக்கே பவித்ரன் வந்துவிட்டார், வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பசியோடு. வாசலில் விறகு அடுக்கியிருக்கிறது, கரும்பு கட்டியிருக்கிறது, மஞ்சள் கொத்து சுற்றிய பானை இருக்கிறது. நெருப்பு மட்டும் இல்லை. புஷ்பலதா கையில் கத்தியோடு வீட்டுக்குப் பின்னால் போய், முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்துமலை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொங்கல் வைக்கலீங்களா சார்?"

"வைக்கலாம் தம்பி. முசிறியில விடியட்டும்."

பவித்ரன் ஒரு நிமிடம் யோசித்தார். "எங்க வீட்டுல எல்லாம் இப்பக் குக்கர்தாங்க சார். ரெண்டு விசில். எந்திரிக்கவே எட்டு மணி ஆயிரும்."

முதல் அடி. பத்துமலை அதைக் காதில் வாங்கவில்லை. காவிரிப் பாட்டிலை எடுத்து வந்து காட்டினார். பதினாறு வருஷம், அளவு குறையவில்லை என்றார். பவித்ரன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்லீங்களே சார். அங்க ஆத்துலயே வருஷத்துல பாதி நாள் மணல்தாங்க."

ஒன்பது ஏழுக்குப் பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூவினார் பத்துமலை. பிறகு அரிசி, வெல்லம் என்று பானையைப் புஷ்பலதா பார்த்துக்கொண்டாள். அந்த நேரமெல்லாம் பத்துமலை விருந்தாளிக்கு முசிறியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பத்தரைக்கு இலை போட்டார்கள்.

பவித்ரன் வெண்பொங்கல் சாப்பிட்டார், தலையை ஆட்டினார். கூட்டுக்குழம்பு ஊற்றிக்கொண்டார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சர்க்கரைப் பொங்கலில் கை வைத்தார். பத்துமலை சாப்பிடுவதை நிறுத்தினார். புஷ்பலதா கரண்டியோடு நின்றாள்.

பவித்ரன் ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் போட்டார்.

"அம்மா, பிரமாதம்மா! இதுல ஒரு வாசனை வருதுங்களே, என்னதுங்க?"

பத்துமலைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அதான் தம்பி! அதான் உங்க மண்ணு! எங்க அம்மா கருப்பம்மா செய்யுற பொங்கல்ல இதே வாசனைதான் வரும். நான் சின்னப்பிள்ளையில லயத்து வாசல்ல உக்காந்து சாப்பிட்ட வாசனை. முசிறி வாசனை!"

"இல்லீங்களே சார்" என்றார் பவித்ரன், இன்னொரு வாய்க்கு நடுவில், பாவம், ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "என்ன இருந்தாலும் எங்க ஊர்ல இந்த மாதிரி வராதுங்க."

வாழ்நாளெல்லாம் தாம் அடுத்தவர் இலையில் பரிமாறிய வாக்கியம் தம் இலையிலேயே வந்து விழுந்ததும் பத்துமலைக்கு விழுங்க முடியவில்லை. எதற்கும் சமாளிப்பவர், இதற்கும் ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் போன் அடித்தது. மெல்பர்னிலிருந்து மகள் ஷர்மினி, முகம் தெரியும் அழைப்பில், பின்னணியில் ஒரே புகை.

"அம்மா! இங்க பன்னெண்டு ஏழுக்குக் கரெக்டா பொங்கிட்டேன், நம்ம வீட்டு நேரம். ஆனா வாசம் வரவே இல்லம்மா! ஃப்ரோசன் பாண்டான் வாங்கி மூணு எலை முடிச்சுப் போட்டுப் போட்டேன். அப்பாயி உங்களுக்கு எத்தனை எலை போடச் சொன்னாங்க, ரெண்டா மூணா?"

புஷ்பலதா பத்துமலையைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "ரெண்டுதாம்மா. ஆனா பச்ச எலையா இருக்கணும். ஒங்க அப்பாயி லயத்துக்குப் பின்னால சாக்கடக் காணோரத்துல நட்டு வச்சிருந்தாங்க. எறக்குறப்ப முடிச்ச எடுத்துறணும். ஒங்கப்பா பாத்துறக் கூடாது."

போன் ஓய்ந்தது. பவித்ரன் ஒருவர்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நீங்கள் கேட்கலாம்: இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த மூக்குக்குப் பாண்டான் வாசனை தெரியாதா என்று. நன்றாகத் தெரியும். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் வந்தால் பாண்டான்; பொங்கலில் வந்தால் முசிறி. மூக்கு சொல்வதையா நாம் கேட்கிறோம்?

பத்துமலை இலையைப் பார்த்தார். மகள் சொன்ன அப்பாயி, அவருடைய அம்மா கருப்பம்மாளும் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான் என்பது அவருக்குத் தெரியாததல்ல; யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சாக்கடை ஓரத்தில் குனிந்து இலை கிள்ளும் அந்த உருவம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் தாம் கண்ணை மூடியபோதெல்லாம் போய்ச் சேர்ந்த ஊர், லூமுட் போகிற சாலையில், ஈப்போவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. அந்த லயத்தை இடித்து, எண்ணெய்க்குச் செம்பனை போட்டுவிட்டார்கள். அவருக்கு அழுகை வந்தது.

"மொளகு கடிச்சிட்டேன்" என்றார்.

சர்க்கரைப் பொங்கலில் ஏது மிளகு என்று புஷ்பலதா கேட்கவில்லை. இன்னொரு கரண்டி வைத்தாள். அதைத் தின்று முடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "நல்லா செஞ்சிருக்க" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறை. அவள் அடுப்படிக்குள் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ஆள் திருந்திவிட்டார் என்று கதையை முடித்துவிடலாம்தான். ஆனால் நான் இனத்தைப் பற்றி அல்லவா பேச வந்தேன்? நான்காம் நாள் முடிவெட்டும் கடையில் அர்ச்சுனனிடம் பத்துமலை சொல்லிக்கொண்டிருந்தார்: "பாண்டான் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கிற? அந்தக் காலத்துல முசிறியில வீட்டுக்கு வீடு இருந்துச்சுலா. அங்க இருக்கறவங்க மறந்துட்டாங்க. நாமதான் காப்பாத்தி வச்சிருக்கோம்."

ஆனாலும் பந்தயம் பந்தயம். இந்த வருஷம் ஏழு இருபத்தைந்துக்குப் பானை பொங்கியது. இலையில் நெத்திலி சம்பல். பாண்டான் முடிச்சு ஒளிவுமறைவில்லாமல் பொங்கலிலேயே கிடந்தது. அர்ச்சுனன் வேலியைத் தாண்டி வந்து சாப்பிட்டுவிட்டே வேலைக்குப் போனார். படத்தை மகளுக்கு அனுப்பினார்கள். அடுத்த நிமிடம் போன் அலறியது.

"என்னப்பா இது? ஏழு இருபத்தஞ்சா? ஒன்பது ஏழுதானே நம்ம பாரம்பரியம்! பொங்கல்ல சம்பல் வேறயா? நீங்க அங்க என்ன வேணும்னாலும் மாத்திக்குங்க. நாங்க வெளிநாட்டுல இருக்கறவங்க, எங்களால விட்டுக்கொடுக்க முடியாது. நான் பன்னெண்டு ஏழுக்குத்தான் பொங்குவேன்!"

பத்துமலை போனை வைத்துவிட்டு, "யாரு மாதிரிப் பேசுது பாரு!" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தடையில்லை. ஆனால் போன பண்டிகையன்று நீங்கள் முதல் கவளத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினீர்களே, மூக்கால் ஒரு மூச்சு விட்டீர்களே, சமைத்தவர் எதிரிலேயே நின்றுகொண்டிருக்க ஏதோ ஒரு வாக்கியம் சொன்னீர்களே, அது என்ன வாக்கியம்? நினைவில்லை என்றால் அடுப்படிக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். போகும்போது கரண்டி அவர்கள் கையில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.