பக்கத்து சீட்டில் ஸ்டெப்னி

இனிமேல் காரில் தனியாகத்தான் போவது என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டிவிட்டார். அதுவும் மனைவியின் முழுச் சம்மதத்தோடு, அவள் வாயாலேயே "தனியாப் போங்க" என்று சொல்ல வைத்து. வீரம் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

கார் சிவப்பு. இரண்டே சீட். தரையோடு தரையாகப் பம்மிக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். இருபது வருடமாக ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதித்து மூக்கில் கண்ணாடி மாட்டிய மனிதர், நாற்பத்தெட்டாவது வயதில் தன் கண் குளிர ஒன்று வாங்கினார். செகண்ட் ஹேண்ட்தான். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரே ஒரு குறை, இரண்டாவது சீட். அதில் மனைவி உட்காருவாள். அவளுக்கு லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை. அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போவாள், லிஃப்டுக்குள் கண்ணை மூடி நிற்பாள், சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு "இது பத்து நாளில் நின்றுவிடும்" என்று மஞ்சள் தாளில் எழுதிக் கொடுப்பாள். இதுவரை எந்த லிஃப்டும் அவள் பேச்சை மீறிப் பதினோராம் நாள் ஓடியதில்லை. அந்தக் காதோடுதான் அவள் காரிலும் ஏறுவாள்.

"என்னங்க, இடது பக்கம் ஏதோ சத்தம் வருது."

"எஞ்சின் உறுமுது. ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்."

"இது உறுமல் இல்லீங்க, முனகல். கியரை மாத்துங்க."

"மாத்திட்டேன்."

"சரியா மாத்துங்க."

இப்படியே போனால் மனிதர் தலைமுடி காற்றில் பறக்க எப்போதுதான் ஓட்டுவது? முடி வேறு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் நான்கு டயர்களும் தேய்ந்து வழுக்கையாகின. டயர்க்கடைக்காரர் இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார்.

"இது ரன்-ஃப்ளாட் சார். பஞ்சரானாலும் நிக்காது. காத்தே இல்லாம எண்பது கிலோமீட்டர் மெதுவா ஓட்டிக்கிட்டு வீடு வந்து சேரலாம். பக்கம் கெட்டியா இருக்கறதால கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போடும். அது சாதா டயர். மெத்துன்னு போகும். ஆனா பஞ்சரானா அங்கேயே நிக்க வேண்டியதுதான். உங்க டிக்கில ஒரு குடைதான் வெக்க முடியும். ஸ்டெப்னிய மடியிலதான் வெச்சுக்கணும். இல்லேன்னா பக்கத்து சீட்ல."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"பஞ்சர் அடைக்கிற மருந்து டப்பா ஒண்ணு இருக்கு சார், சின்னது, கையடக்கமா..."

அது மட்டும் அவர் காதில் விழவே இல்லை.

கண்ணாடிக்காரரிடம் ஒரு தொழில் வித்தை உண்டு. சோதனை நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, ஒரு லென்ஸைப் போட்டு "ஒண்ணு" என்பார். மாற்றிப் போட்டு "ரெண்டு" என்பார். "எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?" எது வர வேண்டும் என்று நினைக்கிறாரோ அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் தேன் தடவுவார். வந்தவர்கள் அதையே சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் போய் மனைவியைச் சோபாவில் உட்கார வைத்தார்.

"ஒண்ணு, ரன்-ஃப்ளாட். கட்டை மாதிரி இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உன் முதுகுல இடிக்கும். ரெண்டு, சாதா டயர். அப்படியே மெத்தை. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு" என்றாள் அவள்.

இவ்வளவு சுலபமாகவா! அவருக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

"ஸ்டெப்னிய எங்க வெப்பீங்க?"

"அதுதான் எனக்கும் வேதனை. உன் சீட்டுல இன்னொண்ணை உக்கார வெக்க எனக்கு மனசு வருமா?"

"வரட்டுமே. உருண்டையா, கறுப்பா, வாயே திறக்காம இருக்கும். உங்களுக்கு ஏத்த ஜோடிதான். தனியாப் போங்க." அவள் கைப்பையிலிருந்து மஞ்சள் தாள் ஒன்றை உருவினாள். "ஒரே ஒரு விஷயம். எங்க ஆபீஸ்ல, நடுவுல நின்னுபோன லிஃப்டைத் திறக்கத் தெரிஞ்சவங்ககிட்டதான் சாவியைக் கொடுப்போம். அதே முறை இங்கேயும். பஞ்சரானா யார் டயரை மாத்தறாங்களோ, அன்னையிலிருந்து ஸ்டியரிங் அவங்க கையில. கையெழுத்து போடுங்க."

புத்தம் புது டயர், அது ஏன் பஞ்சராகப் போகிறது? கண்ணாடிக்கு எழுதித் தரும் தாளில் போடுவது போலவே சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டார். தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டெப்னியைப் பக்கத்து சீட்டில் ஏற்றினார். பெல்ட் போடச் சொல்லி கார் கத்தியது. அதற்கும் பெல்ட் மாட்டிவிட்டார். ஆஹா, என்ன ஒரு துணை! வளைவில் "மெதுவா" என்று சொல்லவில்லை. பிரேக் பிடித்தால் மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை. கண்ணாடிக்காரர் பாட்டுக் கூடப் பாடினார். ஸ்டெப்னி அதையும் பொறுத்துக்கொண்டது.

அத்தோடு வீடு திரும்பியிருக்கலாம். ஆனால் வெற்றியை நாலு பேர் பார்க்க வேண்டாமா? நாலு பேர்கூட வேண்டாம், எதிர்க்கடைக்காரன் ஒருவன் பார்த்தால் போதும். அவனும் கண்ணாடிக் கடைதான் வைத்திருந்தான். அன்றைக்குத் தன் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தான். ஏணி மேல் தச்சர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் முதல் தடவை வேகமாகப் போனார். எதிர்க்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது தடவை மெதுவாகப் போனார். வாயைப் பிளந்தான். அந்த வாய் இன்னும் கொஞ்சம் திறக்கட்டும் என்று மூன்றாவது தடவை ஓரமாக ஒட்டிப் போனார். தச்சர் தவறவிட்ட ஆணி அங்கேதான் கிடந்தது.

கார் முனகியது. இந்தத் தடவை அது நிஜமாகவே முனகல்தான். இடது பக்கம்.

கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடிக்காரர் சட்டைக் கையை மடித்தார். ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினார், அது எழும்பிவிட்டது. வெற்றிதான்! ஸ்பேனரை மாட்டி நட்டைத் திருகினார். நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றியது. மறுபடி திருகினார். மறுபடி சுற்றியது. "சார் டயருக்குக் கண் டெஸ்ட் பண்றாரு போல" என்றான் எதிர்க்கடைக்காரன். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. போனை எடுத்தார்.

பதினைந்தாவது நிமிடம் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"வண்டியை இறக்குங்க" என்றாள் மனைவி. "சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டை லூஸ் பண்ணணும். அப்புறம்தான் ஜாக்கி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டயர் மாட்டின மறுநாளே அந்தக் கடைக்காரர்கிட்டப் போய் மூணு தடவை கழட்டி மாட்டிப் பழகிட்டேன். உங்களைப் பத்தித் தெரியாதா? பல்பு மாத்தவே ஆளைக் கூப்பிடறவர் நீங்க."

பத்து நிமிடத்தில் ஸ்டெப்னி சக்கரமாகிவிட்டது. கூட்டம் கை தட்டியது, அவளுக்கு. காற்று போன சக்கரத்தை அவள் பக்கத்து சீட்டில் தூக்கி வைத்து பெல்ட் மாட்டினாள். கைப்பையைத் திறந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த மஞ்சள் தாள், அதே சுழித்த கையெழுத்து. பிறகு ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, அவர் நீட்டிய கார் சாவியை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைக் காட்டினாள்.

"ஒண்ணு, ஸ்கூட்டர். ரெண்டு, நடை. எது தெளிவா இருக்கு?"

"ஒண்ணு" என்றார் கண்ணாடிக்காரர்.

அவளுடைய பூப்போட்ட ஹெல்மெட்டை அவர் மாட்டிக்கொண்டதும் சிவப்புக் கார் உறுமியது. முனகலே இல்லை. அவள் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"பின்னாடியே வாங்க. ஸ்கூட்டர்ல இடது பக்கம் ஏதோ சத்தம் வருது, என்னன்னு கொஞ்சம் கேட்டுக்கிட்டே வாங்க!"