வெண்ணெய்க்கை ஐயா எடுத்த பரம்பரைக் கொழுப்பு

கைவைத்தியர் வெண்ணெய்க்கை ஐயா வந்து இறங்கியதிலிருந்து அந்தத் தெருவில் ஈ நுழைய இடமில்லை. கத்தியில்லை, ரத்தமில்லை, கறுப்புத் துணிக்குள் கையை விட்டால் வயிற்றிலிருந்து கொழுப்பு கட்டி கட்டியாக வருகிறதாம்! தொந்திக்காரர்கள் வந்தார்கள். தொந்தி இல்லாதவர்கள், போட்டுவிடுமோ என்று முன்கூட்டியே வந்தார்கள். அறிவைத் தவிர மற்றதெல்லாம் வரிசையில் நின்றது.

அந்த வரிசையில் பூரிப்போடு நின்றவர் ஒரு பஸ் டிரைவர். அவருடைய சின்ன மகளுக்கு வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. கொழுப்பை உடைக்கும் ஒரு பொருள் அவள் உடம்பில் ஊறவில்லை, பிறவிக் கோளாறு என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் அதை டிரிப்பில் ஏற்றிவந்தார்கள். வீக்கம் மெல்ல வடிந்துகொண்டுதான் இருந்தது. மெல்ல வடிவதற்கு யார் கைதட்டுவார்கள்?

போன வாரம் ஐயா குழந்தையின் வயிற்றைத் தடவி ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துக் காட்டினார். "தாய்வழிச் சாபம்! இன்னும் ஒரு தடவை எடுத்தா தீர்ந்துச்சு. டிரிப்பை மட்டும் உடனே நிறுத்திடணும்."

நேற்று வீட்டில் அந்தப் பேச்சு வந்தபோது டிரைவரின் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "நான் அப்பவே சொன்னேன்ல, அவங்க வீட்டு ரத்தம் சரியில்லேன்னு!"

தையல்காரியான மனைவி மெஷினை நிறுத்தினாள். "என்னங்க, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் ஒரு தையல்கடைன்னு வெச்சுக்கோங்க. கொழுப்பை வெட்ட அம்மா ஒரு கத்தரிக்கோல், அப்பா ஒரு கத்தரிக்கோல் குடுக்கணும். உங்ககிட்ட ஒண்ணு நல்லது, ஒண்ணு மொக்கை. எங்கிட்டயும் அப்படித்தான். ஒண்ணு நல்லாருந்தாலே வேலை ஓடும், அதான் நமக்கு ஒண்ணும் தெரியலை. புள்ளைக்கு ரெண்டு பேருமே மொக்கையைக் குடுத்துட்டோம். வெட்டாத துணி கடையில குவியுற மாதிரி கொழுப்பு வயித்துல குவியுது. டிரிப்புல ஏத்துறது நல்ல கத்தரிக்கோல்."

"எங்க வம்சத்துல மொக்கையா?" டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு டிரிப் கிடையாது. ஐயாதான்!"

அவள் வாதாடவில்லை. "சரி, நானே போத்தித் தூக்கிட்டு வரேன். நீங்க முன்னாடி போய் இடம் பிடிங்க."

பெண்டாட்டி வழிக்கு வந்துவிட்டாளே! டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஐயாவின் விதிப்படி நோயாளியைத் தலை முதல் கால் வரை போர்த்த வேண்டும். வெளிச்சம் பட்டால் சாபம் கூச்சப்பட்டு உள்ளே ஓடிவிடுமாம். பாவம், அவ்வளவு நாணமுள்ள சாபம்! இன்று அவர்கள் முறை வந்ததும் மனைவி போர்வை மூட்டையைப் பலகையில் கிடத்தினாள். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார்.

"வலிக்குதா கண்ணு?"

பதிலில்லை.

"வலிக்கலையாம்! மூச்சு எவ்வளவு சாந்தமாயிடுச்சு பாத்தீங்களா?"

பார்த்தோம் என்றது கூட்டம். கட்டி வந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"ஐயா, இதுவும் தாய்வழிதானா?" என்று கேட்டாள் மனைவி.

"சந்தேகமே வேண்டாம்மா. தாயோட ஏழு தலைமுறைக் கொழுப்பு!"

அவள் போர்வையை உருவினாள். உள்ளே பொத்தான் கண்ணும் பஞ்சு வயிறுமாக ஒரு துணிப் பொம்மை.

"இதுக்குத் தாய் என் தையல் மெஷின்தாங்க. அது எண்ணெய் குடிக்கும், ஒத்துக்கறேன். அதுக்காக இவ்வளவு கொழுப்பா?"

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. பதறி எழுந்த ஐயாவின் சட்டைக் கையிலிருந்து இன்னும் இரண்டு கட்டிகள் உருண்டன. ஒன்றில் மெழுகுவர்த்தித் திரி நீட்டிக்கொண்டிருந்தது. "அடடே, சாபத்துக்குத் திரி வேறயா!" என்று யாரோ கத்த, ஐயா பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார்.

டிரைவர் போர்வையை உதறிப் பார்த்தார். "புள்ள எங்க?"

"ஆஸ்பத்திரியில. என் தம்பி கூட இருக்கான். டிரிப் ஏறிட்டிருக்கு."

அந்த மனுஷன் அத்தனை பேர் முன்னாலும் விம்மி அழுதார். "நல்லவேளை, நான் சொன்னதை நீ கேக்கலை" என்றவர், செருப்பைக்கூடத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கூட்டம் கலைந்தது. ஒரே ஒரு பெரியவர் மட்டும் பொம்மையின் வயிற்றை அழுத்திப் பார்த்து, "என்ன இருந்தாலும் வீக்கம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரிதான் தெரியுது" என்றார்.

செல்லுக்குள் இல்லாததை ஊசி வழியாக ஏற்றிவிடலாம், வாசகரே. மண்டைக்குள் இருந்தும் பயன்படுத்தாததை எந்த டாக்டர் வந்து ஏற்றுவது? அதை நீங்களேதான் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும்.