சயாங் என்று கூப்பிடாதீர்கள்

"சயாங், இன்னைக்குக் கரிபாப் வேணாமா?"

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் கரிபாப் போன்ற பொரித்த பலகாரங்களுக்குக் கடை போட்டிருக்கும் ரொஹானா வழக்கம்போல மலாயில்தான் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக, அன்று சோலையப்பனுக்குப் பக்கத்தில் அவர் மனைவி அழகம்மை நின்றிருந்தார். அவருக்கு ஒரு 'வாங்க மேடம்' மட்டும் கிடைத்தது.

'சயாங்' என்றால் மலாயில் அன்பே, கண்ணே என்று பொருள். காதலனையும் அப்படிக் கூப்பிடலாம், கரிபாப் வாங்க வந்தவரையும் அப்படிக் கூப்பிடலாம். கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்த அழகம்மைக்கு இது தெரியாததல்ல. ஆனால் தெரிந்ததெல்லாம் சமயத்தில் ஞாபகத்துக்கு வந்துவிட்டால் எந்த வீட்டில்தான் சண்டை நடக்கும்?

"யாருங்க அது?"

"பலகாரக் கடைக்காரங்க."

"அது எனக்கும் தெரியுது. உங்களுக்கு யாரு?"

"எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க லா."

"என்னை மட்டும் ஏன் 'மேடம்'னாங்க?"

சோலையப்பன் நடையை எட்டிப் போட்டார். சேலைக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு சோதனைகள் காத்திருந்தன. பூக்கடை தனலெட்சுமி, "வா ராசா, மொகமே வாடிக் கெடக்கு, சாப்பிட்டியா?" என்று கேட்டார். சோயாப்பால் விற்கும் சீனப் பெண்மணி மேய் லிங், கரண்டியை ஆட்டி, "லெங் சாய்" என்று கூவினார். அழகான பையன் என்று அர்த்தம். சோலையப்பன் பையனாக இருந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அழகைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

கடைக்காரர் விரித்துப் போட்ட சேலைகளில் ஒன்றைக்கூட அழகம்மை பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம காமாட்சி ஆச்சி இங்கதான் வர்றாங்க. ஞாபகம் இருக்கா?"

மறக்கிற விஷயமா அது. மகள் ரஞ்சனிக்குக் கிள்ளானில் ஒரு வரன் அமைந்திருந்தது. வந்த வரன்களையெல்லாம் ஏதாவது குறை சொல்லித் தட்டிக் கழித்தவள், இந்த முத்தையாவோடு போனில் பேசும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். இனிப் பையனின் அம்மா காமாட்சி தலையாட்டினால் போதும். செராஸில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தால், "வேணாம் அண்ணே, உங்க ஆபீஸ் பக்கமே வர்றோம். கோயிலுக்குப் போயிட்டு அப்படியே காலாற நடந்து வந்து வாழை இலையில சாப்பிடுவோம்" என்று அந்த அம்மாள் ஒரே பிடியாக நின்றார்.

"வேற எடம் சொல்லிப் பாக்கவா?" என்றார் சோலையப்பன்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன். பிரிக்பீல்ட்ஸ்தான் வேணுமாம்." அழகம்மை குரலை இறக்கினார். "அந்த ஆச்சி காதுல ஒரு சயாங் விழுந்தாப் போதும், நம்ம பொண்ணு கல்யாணம் அதோட சரி. நீங்க பண்ணுனத நீங்களே சரி பண்ணுங்க."

"நான் என்ன பண்ணுனேன்?"

"பல்ல இளிச்சீங்க. நான் பாத்தேன்."

அந்தச் சொல்தான் அவரைச் சுட்டது, இளித்தது உண்மை என்பதால். கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் அவர் 'சார்'. வீட்டில் அவர் 'இங்க பாருங்க'. காலையில் ரயிலை விட்டு இறங்கி அலுவலகப் படி ஏறுவது வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அவர் யாருக்கோ கண்ணாக, ராசாவாக, அழகான பையனாக இருந்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதெல்லாம் பிடிக்கிறதே, அதையும் பெண்டாட்டி பார்த்துவிட்டாளே என்று காது மடல் வரைக்கும் சூடேறியது.

சனிக்கிழமை காலை நேராக ரொஹானாவிடம் போனார்.

"அக்கா, இனிமே என்னை சயாங்னு கூப்பிட வேணாம்."

ரொஹானாவின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது. "நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?"

"சேச்சே, இல்ல."

"வீட்டுல அவங்க கோவிச்சுக்கிட்டாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரொஹானா வாய்விட்டுச் சிரித்திருப்பார். ஆனால் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று பெயர் வாங்கச் சோலையப்பனின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"அதெல்லாம் இல்ல. எனக்கே பிடிக்கல."

"சரிங்க ஐயா," என்றார் ரொஹானா. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'ஐயா' வந்தது அதுதான் முதல் தடவை. கரிபாப்பைப் பையில் போட்டு, யாரோ முன்பின் தெரியாத ஆளுக்குக் கொடுப்பதுபோல நீட்டினார்.

பிடிக்கவில்லை என்று சொன்னது தப்பு என்று சோலையப்பனுக்குப் புரிந்தது. ஆகவே பூக்கடையில் காரணத்தை மாற்றினார்.

"அக்கா, நாளைக்குச் சில பெரிய மனுஷங்களோட இந்தப் பக்கம் வர்றேன். அவங்க முன்னாடி ராசா கீசான்னு கூப்பிட்டா நல்லா இருக்காது."

தனலெட்சுமி கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்தார். "பெரிய மனுஷங்க முன்னாடி நான் உன்னைக் கூப்பிட்டா ஒனக்குக் கேவலமா?"

"ஐயோ அப்படி இல்லக்கா."

"புரியுது சார். நீங்க போங்க."

அந்த 'சார்' அவர் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. மேய் லிங்கிடம் கௌரவமும் பேசக்கூடாது, பெரிய மனுஷரையும் இழுக்கக்கூடாது என்று முடிவு செய்து, தனக்குத் தெரிந்த மலாயில் சுருக்கமாகச் சொன்னார்.

"லெங் சாய் வேணாம். பாக்குறவங்க தப்பா நெனப்பாங்க."

"யாரை? உன்னையும் என்னையுமா?" மேய் லிங்குக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் பின்னால் திரும்பிக் கான்டனீஸில் ஏதோ சொன்னார். பால் வடிகட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் வெளியே வந்து, சோலையப்பனை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்துவிட்டு, உள்ளே போனார்.

அன்று மத்தியானம் வரைக்கும் சோலையப்பனுக்கு அதே நினைப்பு. மூன்று பேர் மனசையும் நோகடித்துவிட்டோமே என்று குறுகிப் போனார். நல்ல மனுஷர்தான். அதனால்தான் அடுத்த தப்பையும் செய்தார். இனிப்புக் கடைக்குப் போய் மூன்று பெட்டி லட்டு வாங்கி, தங்கநிற ரிப்பன் கட்டச் சொல்லி, மூன்று கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? ஒவ்வொரு இடத்திலும் குனிந்து, தணிந்த குரலில் ஒன்று சொல்லிவிட்டு வந்தார்.

"நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தரிசனம் நல்லபடியாக முடிந்தது. காமாட்சியோடு அவருடைய அண்ணன் கண்ணப்பனும் வந்திருந்தார். பையனுக்குத் தாய்மாமன். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, வணக்கம் சொன்னதோடு சரி, அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. ரஞ்சனியும் முத்தையாவும் பெரியவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, தள்ளி நடப்பது தெரியாதபடி நடந்தார்கள்.

பலகாரக் கடைக்கு நேராக வந்ததும் காமாட்சி நின்றார்.

"மணமா இருக்கே. இங்கதான் பலகாரம் வாங்குவீங்களா அண்ணே?"

"எப்பவாவது," என்றார் சோலையப்பன்.

ரொஹானா நிமிர்ந்து பார்த்தார். "வணக்கம் ஐயா," என்று சொல்லிவிட்டு மறுபடியும் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டார். காமாட்சி இன்னும் ஏதோ வருமென்று எதிர்பார்ப்பவர்போலச் சற்று நேரம் நின்றார். வரவில்லை. திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

தப்பித்தோம் என்று சோலையப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பூக்கடையிலும் காமாட்சி நின்றார். "பூ வாங்கிக்கிட்டுப் போவோமே."

"இந்தாங்க," என்று தனலெட்சுமி பூவைக் காமாட்சியிடம் கொடுத்தார். சோலையப்பன் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. அதைக் காமாட்சி பார்த்தார். காமாட்சி பார்த்ததை அழகம்மை பார்த்தார். சோயாப்பால் கடையில் மேய் லிங் குனிந்து எதையோ தேட ஆரம்பித்து, அவர்கள் தாண்டிப் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். சோறும் பொரியலும் வந்தன. அடுத்ததாக ரொஹானா வந்தார். தங்கநிற ரிப்பன் அவிழ்க்காத பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சோலையப்பனின் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னால இதை வாங்கிக்க முடியாதுங்க ஐயா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னீங்க, சொல்லல," என்று மலாயில், எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிட்டுப் போனார்.

சோலையப்பன் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. அழகம்மை அவரைப் பார்த்த பார்வையில் அப்பளம் பொரிக்கலாம். லட்டு விஷயம் அழகம்மைக்கே அப்போதுதான் தெரியும்.

"என்னண்ணே அது?" என்றார் காமாட்சி.

"லட்டு," என்றார் சோலையப்பன்.

பதில் முடிவதற்குள் தனலெட்சுமி வந்து அதே மாதிரி இன்னொரு பெட்டியை முதல் பெட்டியின் மேல் வைத்தார். "வாய மூடுறதுக்கு எனக்கு இனிப்புக் குடுக்க வேணாம் சார். பேச மாட்டேன்னா பேச மாட்டேன்."

மூன்றாவது பெட்டிக்கு மேய் லிங் வரவில்லை. அவர் கணவர் வந்தார். பெட்டியை அடுக்கின் உச்சியில் வைத்து, அது சாயாமல் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு சோலையப்பனையும் ஒரு முறை பார்த்துவிட்டு நடந்தார்.

பக்கத்து மேசைகளில் எல்லாம் சாப்பாடு நின்றுவிட்டது. ரஞ்சனி தலையைக் குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதும் சிவந்திருந்தது, அப்பாவின் காதைப் போலவே. அதைப் பார்த்ததும் சோலையப்பனுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. ஊரெல்லாம் சிரிக்கட்டும், பெண்டாட்டி பேசாமல் இருக்கட்டும். தன்னால் இந்தப் பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தார்.

புருஷனைக் காப்பாற்ற அழகம்மை குறுக்கே புகுந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆச்சி. இவரு ரொம்ப ஒழுக்கமானவரு. ஆபீஸ் விட்டா வீடு, வீடு விட்டா ஆபீஸ். இந்தத் தெருவுல யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அவங்கள்லாம் யாருன்னே இவருக்குத் தெரியாது."

"தெரியாதா?" காமாட்சியின் முகம் இறங்கிப் போனது. "இத்தன வருஷமா இங்கயே வேலை செய்றாங்க. யாரையுமே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது ஆச்சி."

காமாட்சி மூன்று பெட்டிகளையும் பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பி, "என்னண்ணே, நீ சொன்னது ஒண்ணு, இங்க நடக்குறது ஒண்ணா இருக்கே?" என்றார்.

தாய்மாமன் கண்ணப்பன் கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு, வணக்கத்துக்குப் பிறகு அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார்.

"போன வாரம் நான் தனியா வந்து ஒவ்வொரு கடையா உங்களப் பத்தி விசாரிச்சேன், 'யாரு, எங்க சயாங்கா', 'எங்க ராசாவா'ன்னு அவங்க சிரிச்ச சிரிப்பப் பாத்துட்டுத்தான், இவ்வளவு பேரு பிரியமா இருக்குற மனுஷன் வீட்டுல கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு எடுக்கலாம்னு இவகிட்ட சொன்னேன், ஒரே வாரத்துல அத்தன பேரும் உங்கள ஐயா, சார்னு கூப்பிடுற மாதிரி அப்படி என்னதாங்க பண்ணி வச்சீங்க?"