எக்ஸுக்காக மலையேறிய லூப்பு சார்

ஓர் இங்கிலீஷ் எழுத்துக்காக மேனேஜரோடு மல்லுக்கட்டி, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் லூப்பு சார்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே கம்ப்யூட்டர் ரூமில், ஆர்.பி.ஜி. என்ற மொழியில் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுக்கு லூப் என்று பெயர். எத்தனையாவது சுற்று என்று எண்ண ஓர் எழுத்து வைப்போம். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி எழுத்து வேண்டும் என்பதில் சார் வெறிபிடித்தவர். அவர் டீயை யாராவது எடுத்துக் குடித்தால்கூடச் சும்மா இருப்பார், இதை விடமாட்டார்.

புதிதாக வந்த மேனேஜர், "எல்லாத்துக்கும் எக்ஸே போதும்" என்று உத்தரவு போட்டார்.

சார் பதறினார். "விவசாயிங்கள எண்ற வெளிச்சுத்துக்கும் எக்ஸு, அவங்களுக்கு அனுப்பற வண்டிய எண்ற உள்சுத்துக்கும் எக்ஸா? உள்ள போயி மாறிக்கினு வந்துடும் சார்! அப்புறம் எந்த விவசாயிகிட்ட இருந்தோம்னு அதுக்கு இன்னா தெரியும்?"

"ஒரு எழுத்துக்கு இவ்ளோ வம்பா? மாத்துய்யா!"

சார் வெள்ளிமலையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். மேனேஜரே புரோகிராமை மாற்றினார்.

மறுநாள், எந்த வண்டி யார் வயலுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கரும்பு வெட்டு உத்தரவு அச்சானது. வண்டிகளை எண்ணி முடித்த இடத்திலிருந்தே எக்ஸ் விவசாயிகளையும் எண்ணத் தொடங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே பெயரில் வந்து நின்றது. தியாகதுருகம் அஞ்சலை. பேப்பர் தீரும்வரை அஞ்சலை. டிரைவர்கள் ஆளுக்கொன்றைக் கிழித்துக்கொண்டு பறந்தார்கள்.

அரை ஏக்கர் கரும்புக்கு ஆலையின் அத்தனை டிராக்டரும் வந்தால் அந்த அம்மாள் என்ன செய்வார்? "இன்னாய்யா இது! கரும்ப வெட்ட வந்தீங்களா, என்னை வெட்ட வந்தீங்களா?"

இங்கே அரைக்கக் கரும்பில்லாமல் ஆலை நின்றது. மேனேஜர் ஜீப்பில் மலையேறி சாரைக் கூட்டிவந்தார். "மன்னிச்சிடுங்க" என்றார்.

"என்கிட்ட வேணாங்க. எக்ஸுகிட்ட கேளுங்க."

மேனேஜர் ஸ்கிரீன் முன்னால் கைகட்டி நின்றார். "எக்ஸு... சாரிப்பா."

சார் உள்சுற்றுக்கு மட்டும் ஒய் போட்டார். ஆலை ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை தியாகதுருகம் போனபோது அஞ்சலையின் கரும்புக் கொல்லையில் சாரைப் பார்த்தேன். தேய்த்த சட்டையோடு, மண்வெட்டியால், டிராக்டர்கள் உடைத்த வரப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க தப்பு இல்லையே, சார்?"

"அந்தம்மாவுக்கு அதெல்லாம் தெரியுமா? நம்ம ஆபீஸ் பண்ண வேலைதானே."

சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு நானும் இறங்கினேன்.