ஆடுகளைப் பேட்டி எடுத்த கைலிக்கடை பாய்

மதுரை ஜில்லாவில் ஆடுகளுக்கு நேர்முகத் தேர்வு வைத்து, தேறியவற்றை மட்டும் தன் நிலத்துக்குள் விட்ட ஒரே மனிதர் எங்கள் கைலிக்கடை பாய்தான். சந்தேகப்படுபவர்கள் சமயநல்லூர்ப் பக்கம் வந்து ஆடுகளையே விசாரித்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் ஃபெயிலான ஆடுகள்.

பாய்க்கு டவுனில், மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கைலிக்கடை. அவருடைய நிஜப் பெயர் எனக்கும் தெரியாது, அவரிடம் கைலி வாங்குபவர்களுக்கும் தெரியாது. எங்கள் வயலை ஒட்டி நாலு ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கினார். சரக்கு வைக்க குடோன் கட்டப்போவதாகத்தான் பேச்சு. அளந்து பார்க்க இன்ஜினியரோடு அவர் வந்தது கார்த்திகை மாதம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொழுக்கட்டைப் புல், மயில்கொண்டைப் புல், ஒட்டுப்புல், நடுநடுவே தும்பை, கொழிஞ்சி, நெருஞ்சி என்று நிலம் முழுக்கக் கலந்துகட்டிப் பூத்துக் கிடந்தது. பாய் வரப்பிலேயே நின்றுவிட்டார். இன்ஜினியர் டேப்பை விரித்தார். பாய் அதைச் சுருட்டி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"விதை விழட்டும் சார், பெறகு பாத்துக்கிருவோம்."

விதை விழுந்தது. அடுத்த மழைக்கு முளைத்தது. மறுபடி பூத்தது. குடோன் இன்றுவரை எழும்பவில்லை. பாயின் சம்சாரம் ஒருநாள் என்னிடம் முறையிட்டார். "தம்பி, அவனவன் நெலத்த வாங்கி வீடு கட்டுறான். இவுக புல்லக் கட்டிக்கிட்டு அழுகுறாக."

இதில் அதிகம் அவமானப்பட்டவர் என் சித்தப்பா. களை மண்டிய நிலம் பக்கத்தில் கிடந்தால் குடியானவனுக்குத் தூக்கம் வராது. ரம்ஜான் வியாபாரம் சூடு பிடித்து, பாய் கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வராத சமயம். பாவம், ஆள் இல்லாமல் கிடக்கிறது என்று சித்தப்பா தன் டிராக்டரை எடுத்துப்போய்க் கிழக்கு மூலையை உழுதுவிட்டார். உதவிதான். பாய் வந்ததும் ஒரு நன்றியாவது சொல்வார் என்று மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

பாய் உழுத மண்ணைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க என் கடைக்கு வந்து, தொங்குற கைலி அம்புட்டையும் அவுத்துப் போட்டுட்டு ஒரே டிசைன மட்டும் தொங்கவிட்டா யாவாரம் ஆகுமா?"

"களையத்தான பாய் உழுதேன்?"

"எது களை? ஒண்ணு காஞ்சா இன்னொண்ணு நிக்கும். ஒண்ணு ஆட்டுக்கு, ஒண்ணு பூச்சிக்கு, ஒண்ணு குருவிக்கு. அம்புட்டும் ஒரே சாதியா இருந்தா அம்புட்டும் ஒரே நாள்ல போயிரும்ணே."

"இந்த ஆளுக்கு மற கழண்டு போச்சு" என்று சித்தப்பா வீட்டில் தீர்ப்புச் சொன்னார். ஆனால் டிராக்டர் அதன்பின் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இன்னொரு முறை ரியல் எஸ்டேட் புரோக்கர் ஒருவர் வெள்ளை பேன்ட்டில் வந்து நிலத்துக்குள் ஒரு சுற்று நடந்தார். திரும்பும்போது பேன்ட் முழங்கால் வரை ஒட்டுப்புல் விதை. விலை பேச வாயைத் திறந்தவரைப் பாய் வரப்போரம் கிடந்த கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, கீழே குந்தி, ஒவ்வொரு விதையாகப் பிய்த்து எடுத்தார். புரோக்கர் நெகிழ்ந்துபோய், "இருக்கட்டும் பாய், நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

"ஒங்களுக்காக இல்ல தம்பி. இதெல்லாம் எங்க வீட்டுப் பிள்ளைக. எந்த ஊருக்கும் கூட்டிட்டுப் போயிராதீக."

தான் மட்டும் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் கூட்டிவருவார். வசூலுக்குப் போகிற ஊரில் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு மேய்ச்சல் காட்டுக்குள் கைலியோடு நடப்பார். வந்து தன் நிலத்தில் கைலியை உதறுவார். கைலியை அவர் விற்றது வயிற்றுக்கு. உடுத்தியது விதைக்கு.

இப்போது ஆட்டுக்கு வருகிறேன். அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கம் ராமநாதபுரத்திலிருந்து கீதாரிகள் செம்மறி ஆட்டு மந்தைகளை ஓட்டி வருவார்கள். ராத்திரி நம் நிலத்தில் ஆட்டைக் கிடை போட்டால் புழுக்கையே உரம். மற்றவர்கள் கீதாரியிடம் எத்தனை ஆடு என்று கேட்பார்கள். பாய் மட்டும், "எந்தெந்த ஊர்ல மேஞ்சுட்டு வருது?" என்று ஆரம்பிப்பார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிற தோரணை. நல்ல புல்வெளியில் மேய்ந்த ஆடு என்றால் ராஜமரியாதை. சீமைக்கருவேலங்காய் தின்ற ஆடு என்றால் தொலைந்தது. அந்த விதை புழுக்கை வழியே வந்து முளைத்தால், பிறகு முள்ளுக்காடுதான், புல் ஏது? ஒரு குச்சியை வைத்துக்கொண்டு புழுக்கையை உடைத்து உடைத்துப் பார்ப்பார். தேறாத மந்தை, வயிறு சுத்தமாகும்வரை கண்மாய்க் கரையில் காத்திருக்க வேண்டும்.

"ஆட்டுக்கே நோன்பு வச்ச ஆளு நான்தான் மாப்ள" என்று என்னிடம் பெருமையடிப்பார்.

வருஷா வருஷம் வருகிற ஒரு கீதாரி நொந்துபோய்க் கேட்டார். "பாய், அடுத்த தடவ கெடாய்க்கு ஜாதகமும் கொண்டாரவா?"

தேறிய ஆட்டுக்கும் விதை விழுந்த பிறகுதான் அனுமதி. அந்தச் சட்டத்தைப் பாய் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

பிறகு மழை ஏமாற்றிய அந்த வருஷம் வந்தது. ஐப்பசியில் நாலு தூறல், அவ்வளவுதான். எங்கள் வயல் கட்டாந்தரை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. பாயின் நிலத்தில் மட்டும் சில புல் கருகினாலும் சில புல் தாக்குப்பிடித்து நின்றது. அதிலும் கதிர் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து அதே கீதாரி மந்தையோடு வந்தார். பாதி ஆடு சினை. ஜாதகம் பேசுகிற தெம்பு அவரிடம் இல்லை. நிலத்து வாசலை அடைத்திருந்த முள்ளுப் படலுக்கு வெளியே துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விதை விழலையே கீதாரி" என்றார் பாய்.

"தெரியும் பாய்" என்று அவர் மந்தையைத் திருப்பினார். திரும்ப முடியாமல் ஒரு சினை ஆடு ரோட்டிலேயே படுத்துவிட்டது.

சித்தப்பா பாயின் கையைப் பிடித்தார். "விடாதீக பாய். கதிர மேஞ்சுட்டா இத்தன வருசப் பாடும் போச்சு." உழுத மனிதர் பேசிய பேச்சு இது.

பாய் படுத்திருந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு நாளும் யாருக்காகண்ணே வளத்தேன்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "படலத் தூக்கு மாப்ள."

தூக்கினேன். ஆடு உள்ளே போவதைப் பார்க்க அவர் நிற்கவில்லை. பஸ் ஏறிக் கடைக்குப் போய்விட்டார். அப்புறம் போனில் மட்டும் கேட்பார். "கொழுக்கட்டப் புல்லு மிச்சம் இருக்கா மாப்ள?" மொட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டே "இருக்கு பாய்" என்பேன். நம்பாமல், "சரி, குட்டியெல்லாம் நல்லாருக்கா?" என்பார். அது நிஜமாகவே நன்றாக இருந்தது.

மறுவருஷம் மழைக்கு முன்பே கீதாரி வந்துவிட்டார். பாய் வாயைத் திறக்குமுன் தானே ஒப்பித்தார். இன்ன ஊர், இன்ன புல், கருவேலங்காய் வாயில் படவில்லை, சந்தேகத்துக்கு நோன்பும் முடித்தாயிற்று. தெரிந்த மந்தைக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார். நாலு ஏக்கர் முழுக்க, மூலைக்கு மூலை கிடை போட்டார்கள்.

மழை விழுந்தது. மண்ணுக்குள் கிடந்த பழைய விதையும் ஆடு ரோமத்தில் சுமந்து வந்த புது விதையும் சேர்ந்து முளைத்தன. கார்த்திகையில் பாய் அதே வரப்பில் அதே மாதிரி நின்றார். மேற்கு ஓரத்தில் தரையோடு தரையாக, நாங்கள் யாரும் பார்த்திராத ஒரு சின்ன நீலப் பூ.

"இதுக்கு என்ன பேரு பாய்?" என்றார் சித்தப்பா.

"பேரு தெரியலண்ணே. கீதாரி வீட்டுலருந்து வந்துருக்கு. சம்பந்தின்னு வச்சுக்கிருவோம்."

இன்று எங்கள் ஊரைச் சுற்றிப் பிளாட் கல் ஊன்றாத இடம் குறைவு. அதற்கு நடுவே அந்த நாலு ஏக்கர் பூத்து நிற்கிறது. புரோக்கர் யாராவது படலைத் தொட்டால் சித்தப்பா முந்திக்கொண்டு, "விதை விழட்டும்யா" என்று அதட்டுகிறார். எங்கள் ஊருக்கு என்ன பெருமை என்று யாராவது கேட்டால், நான் கோயிலையோ குளத்தையோ காட்டுவதில்லை. நேரே அங்கேதான் கூட்டிப்போகிறேன்.

போன வாரம் திருநகர் தாண்டி ஒரு கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் தரிசில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் வேட்டிக் கரையெல்லாம் ஏதோ ஒரு விதை. முன்பு என்றால் திட்டிக்கொண்டே தட்டிவிட்டிருப்பேன். இப்போது ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊருக்குள் நுழைந்ததும் பாய் கேட்பார், "எங்க மேஞ்சுட்டு வார மாப்ள?" என்று. வெறுங்கையோடு போய் நிற்க மனசு வருமா?